32 பிட் பூட்டு: 2006 மேக் ப்ரோவை மறுபடி எழுப்ப ஒரு முழு வழிகாட்டி

என் மேசைக்குக் கீழே 19 கிலோ எடையில் ஒரு அலுமினியப் பெட்டி இருக்கிறது. ஆப்பிளின் 2006 மேக் ப்ரோ கணினி. போன வாரம்கூட அதில் ஒருவரின் கல்யாண மினிடிவி கேசட்டை (பழைய வீடியோ கேமரா டேப்) ஓடவிட்டு டிஜிட்டலாக மாற்றிக் கொடுத்தேன். விசிறிச் சத்தம் கேட்காது, கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வயர் தொங்காது. இவ்வளவு ஒழுங்காகச் செய்த கணினியை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் சந்தைக்கு வந்து ஆறே வருடத்தில் இதை ஓரம் கட்டிவிட்டார்கள். வேகம் போதாது என்று சொல்லியிருந்தால் ஆறுதலாவது இருந்திருக்கும். காரணம், மதர்போர்டில் நகத்தளவு சிப்பில் உட்கார்ந்திருக்கும் ஃபர்ம்வேர், பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடும் மென்பொருள்.

இந்தப் பெட்டி உங்களிடமும் இருந்தால், அல்லது யாராவது "எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கொடுத்தால், அதை எதுவரை கொண்டுபோகலாம், எந்த வரிசையில் போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை எழுதுகிறேன். நிறுத்தும் இடத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். அது தெரியாமல் பணத்தைக் கொட்டியவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் அப்படித்தான்.

கோளாறு எங்கே இருக்கிறது

மேக் ப்ரோ 2006 ஆகஸ்ட் 7 அன்று அறிமுகமானது. இரண்டு டூயல்கோர் ஸியான் 5100 வரிசைப் புராசஸர்கள், 2.66 கிகாஹெர்ட்ஸ் மாடலின் விலை 2,499 டாலர். 2007 ஏப்ரலில் எட்டு கோர் மாடல் வந்தது, அது 3,997 டாலர். புராசஸர் முழு 64 பிட், அதாவது ஒரே மூச்சில் 64 பிட் தரவைக் கையாளும். ரேமும் தாராளமாகப் போடலாம். ஆனால் எல்லாவற்றையும் எழுப்பிவிடும் ஃபர்ம்வேர், அதாவது இஎஃப்ஐ, 32 பிட்.

ஏன் இப்படி? 2006 ஜனவரியில் வந்த முதல் இன்டெல் ஐமேக்கில் இருந்த கோர் டுவோ புராசஸரே 32 பிட்தான். அந்த வருடத்து மேக்குகள் எல்லாமே 32 பிட் இஎஃப்ஐயுடன் வந்தன. அந்த வரிசையில் இந்த ஸியான் பெட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. மேக் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னலே 32 பிட்டில் ஓடிக்கொண்டிருந்த காலம். கர்னல் 32 பிட் ஆனாலும் அதன் மேலே 64 பிட் மென்பொருள்கள் தாராளமாக ஓடின, 4 ஜிபிக்கு மேலே ரேமையும் எடுத்துக்கொண்டன.

முதல் அறிகுறி 2009-இல் தெரிந்தது. மேக் ஓஎஸ்ஸின் ஸ்னோ லெப்பர்டு பதிப்பு 64 பிட் கர்னலோடு வந்தது. கணினி எழும்போது 6, 4 இரண்டு விசைகளையும் அழுத்திப் பிடித்தால் அதில் நுழையலாம். மேக் ப்ரோ 2008-இல் வேலை செய்தது, 2006-இல் செய்யவில்லை. 2011-இல் அடுத்த பதிப்பான லயன் வந்தபோது இரண்டு வகைக் கர்னலும் இருந்ததால் தப்பித்தோம். 2012 ஜூலையில் மவுண்டன் லயன் வந்தது, 32 பிட் கர்னல் போயே போய்விட்டது. 64 பிட் கர்னலை எழுப்ப 64 பிட் இஎஃப்ஐ வேண்டும் என்றது ஆப்பிள். கதவு மூடியது.

வயிற்றெரிச்சல் யாருக்கு என்றால், 2007 கடைசியில் நாலாயிரம் டாலர் கொடுத்து எட்டு கோர் மாடல் வாங்கியவருக்கு. 2008 ஜனவரி 8 அன்று அடுத்த மாடல் 64 பிட் இஎஃப்ஐயுடன் வந்துவிட்டது. இடையில் சில வாரம். அந்தச் சில வாரம்தான் ஒரு பெட்டியை லயனோடு நிறுத்தியது, இன்னொன்றை பின்னால் வந்த எல் கேபிடன் பதிப்பு வரை அதிகாரபூர்வமாகக் கொண்டுபோனது.

இது தீர்க்கவே முடியாத சிக்கலா? கிடையாது. லினக்ஸ்காரர்கள் 2014-இல் 3.15 கர்னலில் 32 பிட் இஎஃப்ஐ மேல் 64 பிட் கர்னலை எழுப்பும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2013-இல், தியாமோ என்ற புனைபெயரில் ஒருவர் ஆப்பிளின் தொடக்கக் கோப்பைப் பிரித்து ஆராய்ந்து, 32 பிட் இஎஃப்ஐயில் ஓடி 64 பிட் கர்னலைத் தூக்கிவிடும் ஒரு மாற்றுக் கோப்பை எழுதிக் கொடுத்தார். கர்னல் ஃபர்ம்வேரிடம் ஏதாவது கேட்டால், அந்தக் கோப்பு ஒரு கணம் 32 பிட்டுக்கு இறங்கி, கேட்டு வாங்கிக்கொண்டு, திரும்ப 64-க்கு ஏறும். இரண்டு பாஷை தெரிந்த ஆள் நடுவில் நின்று பேசிக்கொடுப்பது போல. பின்னால் பைக் ஆர். ஆல்ஃபா என்ற இன்னொரு புனைபெயர்க்காரர் அதை யோசெமிட்டி, எல் கேபிடன் வரை கொண்டுவந்தார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கோப்பின் மேல்தான் நிற்கிறது.

கை வைப்பதற்கு முன்: மூன்று பூட்டுகள்

முதல் பூட்டு ஃபர்ம்வேர். மாற்றுத் தொடக்கக் கோப்பால் திறக்கலாம். இரண்டாவது பூட்டு கிராஃபிக்ஸ் கார்டு. பெட்டியோடு வந்த ஜிஃபோர்ஸ் 7300 ஜிடி, ரேடியான் எக்ஸ்1900 எக்ஸ்டி, குவாட்ரோ எஃப்எக்ஸ் 4500 மூன்றுக்கும் 64 பிட் டிரைவர் கிடையாது. கார்டை மாற்றினால் திறக்கும். மூன்றாவது பூட்டு புராசஸர். 2016-இல் வந்த சியெரா, எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைத் தொகுப்பை எதிர்பார்க்கிறது. இந்த மதர்போர்டு ஏற்கும் எந்தப் புராசஸரிடமும் அது இல்லை. இது திறக்காது. ஆக, உங்கள் எல்லை எல் கேபிடன், 10.11. அதற்கு மேலே ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த மாடல் என்று பாருங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் ஏ1186 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், 2006, 2007, 2008 மூன்று வருடத்துப் பெட்டிக்கும் அதே எண்தான். கணினியை எழுப்பி, 'இந்த மேக் பற்றி' போய், விரிவான தகவலைத் திறந்து, மாடல் அடையாளத்தைப் பாருங்கள். மேக்ப்ரோ 1,1 என்றால் 2006. 2,1 என்றால் 2007 எட்டு கோர். 3,1 என்றால் அதிர்ஷ்டம், 64 பிட் இஎஃப்ஐ, இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

படி 1: லயன் வட்டைத் தொடாதீர்கள்

எல்லோரும் செய்யும் முதல் தவறு, இருக்கும் வட்டை அழித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பது. இந்தப் பெட்டியில் நான்கு வட்டுத் தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் லயன் அல்லது ஸ்னோ லெப்பர்டு நிரந்தரமாக இருக்கட்டும். மாற்றுத் தொடக்கக் கோப்பு எந்த நேரத்தில் கெட்டாலும், கோளாறைச் சரிசெய்ய நீங்கள் நுழையும் பின்கதவு அதுதான். புது ஓஎஸ்ஸின் மீட்புப் பகிர்வு உங்களுக்கு உதவாது. அதற்குள் இருப்பதும் 64 பிட் தொடக்கக் கோப்புதான், இந்த ஃபர்ம்வேருக்கு அது புரியாது.

லயன் இல்லையென்றால் 2021 முதல் ஆப்பிள் அதை இலவசமாகவே தருகிறது. இறக்கிக்கொள்ளுங்கள்.

எல் கேபிடனுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். 240 ஜிபி போதும். வட்டு இணைப்பான சாட்டாவின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், விலை உயர்ந்ததை வாங்கிப் பயனில்லை. தட்டு 3.5 அங்குல வட்டுக்கானது என்பதால் ஒரு அடாப்டர் வேண்டும். நான்கு தட்டும் நிறைந்துவிட்டால், மதர்போர்டில் உபயோகிக்காத சாட்டா முனை இரண்டு இருக்கிறது. டிவிடி டிரைவ் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை என்பதால் அவை சும்மாதான் கிடக்கின்றன. வயரை மேலே டிவிடி அறை வரை இழுத்து அங்கே எஸ்எஸ்டியை வைத்துவிடலாம்.

படி 2: ரேம், பேட்டரி, தூசி

பதினெட்டு வருடம் தாண்டிய பெட்டி. காயின் பேட்டரி கண்டிப்பாகச் செத்திருக்கும். பிஆர்2032, கிடைக்காவிட்டால் சிஆர்2032 போட்டாலும் ஓடும். தேதி தவறினால் இணையத்தில் பாதி வேலை நடக்காது, அதனால் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

ரேம் 667 மெகாஹெர்ட்ஸ் எஃப்பி-டிம், சர்வர்களில் வரும் வகை. சாதாரண டிடிஆர்2 பொருந்தாது. பழைய சர்வர் உடைக்கும் கடைகளில் கேட்டால் மலிவாகக் கிடைக்கும், சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த ரேம் பயங்கரமாகச் சூடாகும். ஆப்பிள் தன் ரேமில் உயரமான ஹீட்சிங்க் வைத்திருந்தது. சர்வர் ரேமில் அது தட்டையாக இருக்கும். ஓடும், ஆனால் சூடு ஏறி விசிறி கத்தும். உயரமான ஹீட்சிங்க் இருப்பதைத் தேடி எடுங்கள். ஜோடியாகத்தான் போட வேண்டும், நான்காகப் போட்டால் வேகம் கூடும். ஆப்பிள் சொன்ன உச்சம் 16 ஜிபி, 4 ஜிபி குச்சி எட்டு போட்டு 32 வரை போகலாம். ரேம் அட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்துக் குச்சியைக் கழற்றித் திரும்பச் செருகிப் பாருங்கள். பாதி நேரம் அதுவே தீர்வு.

படி 3: கிராஃபிக்ஸ் கார்டு

நான் பணத்தைத் தொலைத்தது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேக் கிராஃபிக்ஸ் கார்டிலும் ஒரு சின்ன ஃபர்ம்வேர் உண்டு. கணினி எழும்போது ஆப்பிள் சின்னத்தைத் திரையில் காட்டுவது அந்த ஃபர்ம்வேர். அதிலும் 32 பிட், 64 பிட் தகராறு உண்டு. 2008 மாடலுக்கு என்று வந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜிடி கார்டு 2006 பெட்டியில் வேலை செய்யாது. பிறகு முதல் தலைமுறைக்கென்று தனியாக இன்னொரு 8800 ஜிடியை ஆப்பிள் விற்றது. கார்டு ஒன்றே, உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் வேறு. இது தெரியாமல், "மேக் கார்டுதானே" என்று ஒன்றை வாங்கிவந்து செருகி, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்காமல் விட்டது.

என் பரிந்துரை ரேடியான் எச்டி 5770, மேக் பதிப்பு. அதன் ஃபர்ம்வேர் 32, 64 இரண்டிலும் ஓடும் வகையில் எழுதப்பட்டது, எனவே தொடக்கத் திரை தெரியும். லயனிலும் ஓடும், எல் கேபிடனிலும் ஓடும், மீட்பு வட்டுக்கென்று கார்டு மாற்றத் தேவையில்லை. சாதாரண பிசி 5770 கிடைத்தாலும் போடலாம், டெஸ்க்டாப் வந்த பிறகுதான் படம் தெரியும். தொடக்கத் திரை இல்லாவிட்டால் எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்று பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏதாவது கெட்டுப்போகும் நாளில்தான் அந்தப் பட்டியலின் அருமை தெரியும்.

மின்சாரம்: மதர்போர்டில் சிறிய ஆறு முள் இணைப்பு இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் 75 வாட். 5770-க்கு ஒன்று போதும். ஆனால் அது சாதாரண ஆறு முள் வயர் இல்லை, மேக் ப்ரோவுக்கென்று உள்ள மினி வயர். கார்டு வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கார்டு கையில் இருக்கும், வயருக்காக பத்து நாள் காத்திருப்பீர்கள். நான்கு ஸ்லாட்டுக்கும் சேர்த்து 300 வாட்டுதான் அனுமதி, ஆகவே பெரிய கார்டுக்கு ஆசைப்பட வேண்டாம். எப்படியும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1 வேகம்தான்.

பழைய எக்ஸ்1900 எக்ஸ்டி உள்ளே இருந்தால் உடனே கழற்றுங்கள். அதன் ஹீட்சிங்க் தூசியை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும், சூட்டிலேயே செத்த கார்டுகள் ஏராளம்.

படி 4: புராசஸர், ஆசை இருந்தால் மட்டும்

இதைச் செய்யாவிட்டாலும் எல் கேபிடன் ஓடும். ஆனால் நான்கு கோரை எட்டு கோராக்கும் செலவு இப்போது ஒரு சாப்பாட்டுச் செலவுதான். எக்ஸ்5355 என்ற 2.66 கிகாஹெர்ட்ஸ் குவாட்கோர் புராசஸர் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். எக்ஸ்5365 3 கிகாஹெர்ட்ஸ், ஆனால் அதன் முதல் வகை 150 வாட் சூடு தரும். எனக்கு 5355 போதுமென்று தோன்றியது.

கருவி ஒன்று அவசியம்: நீளமான 3 மில்லிமீட்டர் ஹெக்ஸ் சாவி. ஹீட்சிங்க் ஸ்க்ரூக்கள் ஆழமான குழிக்குள் இருக்கின்றன, வீட்டில் இருக்கும் குட்டை 'எல்' சாவி அடியைத் தொடவே தொடாது. ரேம் அட்டைகளையும் அவற்றின் கூண்டையும் முன்பக்க விசிறியையும் எடுத்த பிறகுதான் கை நுழையும். ஸ்க்ரூக்களைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய தெர்மல் பேஸ்ட் சிமெண்டு மாதிரி காய்ந்திருக்கும். ஹீட்சிங்கை நேராக இழுக்காமல், மெல்லத் திருகி எடுங்கள். சாக்கெட்டில் இருப்பது முள், புராசஸரில் இல்லை. ஒரு முள் வளைந்தால் மதர்போர்டு போச்சு.

பிறகு 1,1 ஃபர்ம்வேரை 2,1 ஆக்கலாம். ஆர்வலர்கள் எழுதிய சிறு கருவி ஒன்று இருக்கிறது, ஆப்பிளின் பழைய 2,1 ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். லயனில் இருந்தே செய்யுங்கள். பணி முடிந்து கணினியை அணைத்துவிட்டு, மின் பொத்தானை விளக்கு வேகமாக மின்னி நீண்ட ஒலி வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நடுவில் கரண்டு போனால் 19 கிலோ அலுமினியம்தான் மிச்சம். முடிந்தபின் பூட் ராம் (ஃபர்ம்வேர்) பதிப்பு எம்பி11.005சி.பி08 என்பதிலிருந்து எம்பி21.007எஃப்.பி06 என்று மாறியிருக்கும்.

பலர் இங்கே ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2,1 ஆனதும் பூட்டு திறந்துவிடும் என்று. திறக்காது. 2,1-உம் 32 பிட் இஎஃப்ஐதான். புதுப் புராசஸரைப் பெயர் சொல்லி அடையாளம் காணும், அவ்வளவுதான் லாபம்.

படி 5: எல் கேபிடன்

இதற்கு இரவல் வாங்கியாவது இன்னொரு மேக் வேண்டும். எல் கேபிடனை அதிகாரபூர்வமாக ஏற்கும் எந்தப் பழைய ஐமேக்கோ மேக்புக்கோ சரி. ஆப்பிள் தளத்திலிருந்து எல் கேபிடனை இறக்கி, யுஎஸ்பி பென்டிரைவில் நிறுவியாக்கிக்கொள்ளுங்கள். நிறுவியைச் சரிபார்க்க முடியவில்லை என்ற பிழை வந்தால் அது பழைய பிரதி. அதில் உள்ள சான்றிதழ் 2019 அக்டோபரில் காலாவதியாகிவிட்டது. புதிதாக இறக்குங்கள், அல்லது கணினித் தேதியை அதற்கு முன்னால் தள்ளிவையுங்கள்.

எஸ்எஸ்டியை யுஎஸ்பி பெட்டியில் போட்டு இரவல் மேக்கில் செருகுங்கள். பென்டிரைவிலிருந்து எழுந்து, எஸ்எஸ்டியை ஜியுஐடி பகிர்வு அட்டவணையோடு 'மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட், ஜர்னல்டு' என்று வடிவமையுங்கள். பின்னால் வந்த ஏபிஎஃப்எஸ் வடிவம் கூடாது. எல் கேபிடனை அதில் நிறுவி, ஒருமுறை டெஸ்க்டாப் வரை வருகிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். ஃபைல்வால்ட்டை இயக்கிவிடாதீர்கள். குறியாக்கிய வட்டு மீட்புப் பகிர்வு வழியாகத்தான் எழும், அது நமக்கு ஆகாது.

இப்போது எஸ்எஸ்டி மேக் ப்ரோவுக்குப் போகிறது. லயனிலிருந்து எழுங்கள். எல் கேபிடன் வட்டு டெஸ்க்டாப்பில் தெரியும். லயனில் இருந்து செய்வதில் ஒரு வசதி: எல் கேபிடனில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு, லயனுக்கு அது என்னவென்றே தெரியாது. மாற்ற வேண்டியது பூட்.இஎஃப்ஐ என்ற கோப்பு. அது இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, சிஸ்டம், லைப்ரரி, கோர்சர்வீசஸ் கோப்புறைக்குள். மற்றது, கண்ணில் படாத யூஎஸ்ஆர் கோப்புறையில், ஸ்டாண்டலோன், ஐ386 என்று போனால். இரண்டையும் மாற்ற வேண்டும். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு "முதல் நாள் ஓடியது, அப்புறம் ஓடவில்லை" என்று புலம்புபவர்கள்தான் அதிகம். அடுத்த அப்டேட்டின்போது ஓஎஸ் இரண்டாவது இடத்திலிருந்து பிரதி எடுத்து முதலாவதன் மேல் போட்டுவிடும்.

மூலக் கோப்பில் 'மாற்றக்கூடாது' என்ற கொடி போட்டிருக்கும். டெர்மினலில் அதை நீக்கி, பழையதை வேறு பெயரில் வைத்துவிட்டு, பைக் ஆல்ஃபாவின் எல் கேபிடன் கோப்பை அங்கே வையுங்கள். கறுப்புத் திரை, சாம்பல் திரை என இரண்டு வகை உண்டு, ருசிக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் ரூட் என்றே இருக்கட்டும். கொடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். கோர்சர்வீசஸ் கோப்புறையில் பிளாட்ஃபார்ம்சப்போர்ட் என்ற பட்டியலும் இருக்கிறது. எந்தெந்த மதர்போர்டில் எழலாம் என்ற அனுமதிப் பட்டியல் அது. உங்கள் பெட்டியின் போர்டு அடையாளத்தையும் மாடல் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இனி தொடக்க வட்டு அமைப்பில் எஸ்எஸ்டியைத் தேர்ந்து மறுதொடக்கம். முதல்முறை ஆப்பிள் சின்னத்தின் கீழே கோடு நகர ஆரம்பித்தபோது, மூன்று வருடம் பரணில் கிடந்த பெட்டி என்பதே மறந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன்.

படி 6: அப்டேட் என்ற எமன்

ஆப்ஸ்டோர் அமைப்பில் கணினி அப்டேட்டுகள் தானாக நிறுவப்படுவதை முதல் வேலையாக நிறுத்துங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு ராத்திரி பாதுகாப்பு அப்டேட்டுக்குச் 'சரி' அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திரையில் கேள்விக்குறி போட்ட கோப்புறை மின்னிக்கொண்டிருந்தது. ஆப்பிளின் 64 பிட் கோப்பு திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. லயன் வட்டு இருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அப்டேட் வேண்டுமானால் நிறுவலாம். மறுதொடக்கம் எல் கேபிடனுக்குப் போகாமல் நேராக லயனுக்குப் போகும்படி பார்த்து, கோப்பை மாற்றிவிட்டு வாருங்கள். எல் கேபிடனுக்குக் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் 2018 ஜூலையில் வந்தது. அதையும் போட்டு ஒருமுறை மாற்றிவிட்டால், பிறகு இந்தத் தொல்லையே இல்லை.

படி 7: இணையம் ஏன் திறக்க மறுக்கிறது

எல்லாம் முடிந்து சஃபாரியைத் திறந்தால் பாதித் தளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று கத்தும். பயப்பட வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழ் வைத்த தளங்கள் நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்கடுத்த ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 எல் கேபிடனுக்குத் தெரியாது. அந்தச் சான்றிதழை வேறு கணினியில் இறக்கி, கீசெயின் அக்சஸில் சிஸ்டம் பகுதியில் சேர்த்து, 'எப்போதும் நம்பு' என்று வையுங்கள்.

உலாவிகளில் ஃபயர்ஃபாக்ஸ் 78 நீண்டகாலப் பதிப்புதான் எல் கேபிடனுக்குக் கடைசி. குரோம் 103-ஓடு நின்றுவிட்டது. வங்கி வேலையை இதில் செய்யாதீர்கள். நான் இதை இணையத்திலிருந்தே கழற்றி வைத்திருக்கிறேன்.

லினக்ஸ் வழி

மேக் ஓஎஸ் வேண்டியதில்லை, ஒரு கோப்பு சர்வர் போதும் என்றால் டெபியன் போடுங்கள். 32 பிட் இஎஃப்ஐக்கான தொடக்கக் கோப்பு அதன் நிறுவியிலேயே உண்டு. டிவிடியில் எரித்து எழுப்பப் பார்த்தால் "செலக்ட் சிடி-ராம் பூட் டைப்" என்று 1, 2 இரண்டையும் காட்டிவிட்டு விசைப்பலகை செத்துப்போனதுபோல் நிற்கலாம். ஒரே டிவிடியில் இரண்டு வகைத் தொடக்கம் இருந்தால் இந்த ஃபர்ம்வேர் குழம்பிவிடுகிறது. பென்டிரைவில் இருந்து இஎஃப்ஐ முறையில் எழுப்பினால் இந்த வம்பு இல்லை.

இதற்குப் பதில் 2009 வாங்கலாமா?

இன்னும் பெட்டி வாங்கவில்லை என்றால், 2006-ஐ விட்டுவிட்டு 2009 மேக் ப்ரோ தேடுங்கள். 64 பிட் இஎஃப்ஐ. அந்த 4,1 மாடலை 5,1 ஃபர்ம்வேருக்கு மாற்றினால் ஆறு கோர் ஸியான் எக்ஸ்5680, எக்ஸ்5690 எல்லாம் ஏறும். ஆப்பிளின் மெட்டல் கிராஃபிக்ஸ் முறைக்கு ஆதரவுள்ள கார்டு போட்டால் மொஜாவே பதிப்பு வரை போகும். மொஜாவே நிறுவியே ஃபர்ம்வேரையும் உயர்த்தும், கடைசிப் பதிப்பு 144.0.0.0.0. 140-லிருந்தே வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியிலிருந்து எழ முடியும். அதற்கு மேலே ஏற்ற ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற ஆர்வலர்களின் கருவி இருக்கிறது.

ஆப்பிளை மட்டும் சொல்வானேன். எச்பி இசட்800 பணிநிலையத்திலும் இதே கதை. ஃபர்ம்வேரின் ஆரம்பப் பகுதியான பூட் பிளாக்கின் தேதி 2009 என்றிருக்கும் ஆரம்பப் போர்டுகள் ஸியான் 5600 வரிசையை ஏற்காது, பின்னால் வந்த போர்டுகள் ஏற்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி. பழைய பணிநிலையம் வாங்கும்போது விற்பவரிடம் பயாஸ் (ஃபர்ம்வேர்) திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரேம், வட்டு எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. 2019 டிசம்பரில் 5,999 டாலருக்குப் புது மேக் ப்ரோ விற்பனைக்கு வந்தது. 2020 ஜூனில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. அந்த இன்டெல் மேக் ப்ரோவுக்குக் கடைசி ஓஎஸ் 2025-இல் வந்த டாஹோ. 2017-இல் 4,999 டாலருக்கு வந்த ஐமேக் ப்ரோவுக்கு அதுகூட இல்லை, அதற்கு முந்தைய செகோயாவோடு சரி.

சரி, எழுப்பியாயிற்று. என்ன செய்வது?

இந்தப் பெட்டியில் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முனை நான்கு இருக்கிறது, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஆகவே மினிடிவி கேமரா, பழைய ஃபயர்வயர் ஆடியோ பெட்டி எல்லாவற்றுக்கும் இதுதான் இப்போது வசதியான துறைமுகம். வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ 7 எல் கேபிடனில் ஓடுகிறது. ஒரு மணி நேர மினிடிவி கேசட் 13 ஜிபி வரும். நான் பக்கத்துத் தட்டில் 2 டிபி வட்டு வைத்து அதில் இறக்குகிறேன். வேலை முடிந்ததும் கோப்பை வேறு கணினிக்கு மாற்றிக்கொண்டு அங்கே எடிட் செய்கிறேன்.

மின்சாரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். என் வாட் மீட்டரில் இது சும்மா இருக்கும்போதே 170 வாட்டை ஒட்டிக் காட்டுகிறது. நாள் முழுக்க ஓடவிட்டால் நான்கு யூனிட், நம் இரண்டு மாதக் கணக்கில் 245 யூனிட் ஆகிவிடும். கேசட் ஓடி முடிந்ததும் நான் ஸ்லீப்பில் போடுவதில்லை. அணைத்து, சுவிட்சையும் நிறுத்திவிடுகிறேன்.

மாற்றுத் தொடக்கக் கோப்பின் பிரதியை மூன்று இடத்தில் வையுங்கள்: லயன் வட்டில், ஒரு பென்டிரைவில், தினமும் உபயோகிக்கும் கணினியில். பென்டிரைவை நான் பெட்டியின் கதவுக்கு உள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.